என் வீட்டை நான் வரையவில்லை

“அண்ணே, லு புன்யா ரூமா மானா?”

கனகசபை இப்படிக் கேட்டபோது வாசகசாலைச் சுவரில் தொங்கிய படத்துக்கு நேராக நின்றிருந்தார். ஒரு கையில் கோப்பிக் குவளை. மறு கையின் சுண்டுவிரல் படத்தின் மேல் சந்து சந்தாக ஊர்ந்து வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. உங்கள் வீடு எங்கே என்பதுதான் அந்த மலாய்க் கேள்வி. குத்தலாகக் கேட்கவில்லை. கடையில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மலாக்காவின் காஜா பேராங் சாலையில் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பேருந்து போன சத்தம் கேட்டது. உள்ளே ஆறு பேர் இருந்தோம். என் மகள் சாரதா சன்னலோரத்தில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தாள்.

நான் படத்தைப் பார்த்தேன். அலுவலகத்துப் பழைய தாள் ஒன்றின் பின்புறத்தில் நானே வரைந்த படம். கோயில், முனிசிபல் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயம், சலவைக்காரர் சந்து, சாலையின் இருபுறமும் நம்மவர் குடியிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு கட்டம். கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் மூன்றாவது வீடு இருந்தது. ஐந்தாவது வீடும் இருந்தது.

என் வீடு நான்காவது. அந்த இடத்தில் வெறும் தாள்.

ஏழு மாதமாக வாரந்தோறும் அந்தப் படத்தின் முன்னால் நின்றுதான் பேசியிருக்கிறேன். ஒருநாளும் அது என் கண்ணில் படவில்லை. பட்டும் படாததுபோல் இருந்தேனோ என்னவோ. இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வித்தை கேட்ட வாசகர்

இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டுக் கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். மலாயா விடுதலை பெற்ற புதிதில் நாங்கள் சிலர் வீடு வீடாகப் போய் மக்களைப் பிரஜா உரிமைக்கு மனுச் செய்ய வைத்தோம் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: “சம்பளம் இல்லாமல் வந்த ஆட்களை மாதக்கணக்கில் எப்படி ஐயா ஒரே நோக்கத்தில் நிறுத்தினீர்கள்? எங்கள் சங்கத்தில் மூன்றாவது கூட்டத்துக்கே ஆள் வருவதில்லை. அந்த வித்தையைச் சொல்லுங்கள்.”

அன்பரே, வித்தை எதுவும் என்னிடம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தபின் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

சட்டம் படித்த கிராணி

அப்போது நான் ஒரு அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். இங்கிலீஷும் மலாயும் எழுதத் தெரியும். இந்த நாட்டில் பிறக்காதவர்கள், பல வருடம் இங்கேயே குடியிருந்திருந்தால், ஓராண்டுக்குள் மனுக் கொடுத்துப் பிரஜை ஆகலாம், மலாய்ப் பரீட்சை கிடையாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. கெடு தாண்டினால் பரீட்சை உண்டு. நம்மவரில் பாதிப் பேருக்குக் கையெழுத்தே போடத் தெரியாது.

வாசகசாலையில் கூட்டம் போட்டேன். முதல் ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு நாலு பேர். மூன்றாவது ஞாயிறு கருப்பையா மட்டும் வந்தார். அவர் முனிசிபலில் கால்வாய் சுத்தம் செய்யும் ஆள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடுகிற விதத்தில் மரியாதையும் இருக்கும், கொஞ்சம் கிண்டலும் இருக்கும்.

ஊரில் வதந்திகளுக்குப் பஞ்சமில்லை. மனுவில் ரேகை வைத்தால் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு நடக்கும் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார்கள். இந்தியாவில் இருக்கும் நிலம் பறிபோகும் என்றார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“கிராணி, நீங்க சட்டத்தைப் படிக்கப் படிக்க எனக்குக் கண்ணு சொக்குது,” என்றார் கருப்பையா. “இதெல்லாம் செஞ்சு முடிச்சா என்னதான் ஆவும்? அத ஒரு வாட்டி சொல்லுங்க. நானாவது முழிச்சிருந்து கேக்குறேன்.”

ஆணி

அடுத்த ஞாயிறு கருப்பையா எப்படியோ ஏழெட்டுப் பேரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. சட்டப் புத்தகத்தை மூடி வைத்தேன். வாயில் வந்ததைப் பேசினேன்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க நாம் யோசிக்கிறோம், என்றேன். இன்னும் எத்தனை நாளோ என்று சாமி படத்தைக்கூடச் சுவரோடு சாய்த்துத்தான் வைத்திருக்கிறோம். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டிவிட்டோம். ஒருநாள் இந்தச் சாலையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, யாரையும் கேட்காமல் சுவரில் ஆணி அடிக்கிற ஆட்களாக நாம் இருப்போம். ஓட்டுப் போடுவோம். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கும்போது கூனிக்கொண்டு நிற்க மாட்டோம்.

அவ்வளவுதான் பேசினேன். பிறகு கருப்பையா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

“அடிச்சிருவோம் கிராணி,” என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. ஞாயிறு சாயந்தரம் திரும்பி வந்தால் “இன்னிக்கு எத்தன ஆணி?” என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். தையல்காரர் ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், கருப்பையா, கனகசபை, சாரதா, நான். இந்த ஆறு பேர் நிலைத்தோம்.

கனகசபைக்கு இந்த மனுவே தேவையில்லை. அவர் மலாக்காவின் சிட்டி என்ற பழைய தமிழ்ச் சமூகத்துக்காரர். அவருடைய முன்னோர்கள் இந்த ஊரில் எத்தனை தலைமுறை என்று அவருக்கே எண்ணத் தெரியாது. கோயிலில் விபூதி பூசுவார், வீட்டில் மலாய் பேசுவார். தமிழ் தெரியாமல் என்ன தமிழர் என்று தையல்காரர் சீண்டினால், நெஞ்சைத் தொட்டு “சாமி தமிழ்” என்பார், உதட்டைத் தொட்டு “மூலுட் மலாயு” என்பார். சாமி தமிழ், வாய் மலாய். அதற்கு மேல் வாதம் கிடையாது. எந்தச் சந்தில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்லத்தான் நான் படம் வரைந்தேன்.

மனு எழுதி முடித்த வீட்டுக் கட்டத்தில் மஞ்சள் பொட்டு. உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் வாங்கி வந்தால் அதன் மேல் குங்குமம். இது சாரதாவின் யோசனை. “புது வீட்டு நிலைப்படிக்கு வைக்கிற மாதிரி,” என்றாள். தங்கள் வீட்டுக் கட்டம் மஞ்சளாகிவிட்டதா என்று பார்க்கவே ஆட்கள் வாசகசாலைக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் தன் கட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு தரம்

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. அதை வகுத்தவன் நான்தான்.

மனுவில் ஒரு கேள்வி: இந்த நாட்டில் நிரந்தரமாக வாழும் எண்ணம் உண்டா? செங் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் ஒருவர் இதற்குப் பட்டென்று உண்டு என்று சொல்லிவிட்டார். எழுதியும் ஆயிற்று. நாங்கள் கிளம்பும்போது படிக்கட்டில் உட்கார்ந்து விம்ம ஆரம்பித்தார். மானேஜர் விரட்டிவிடுவாரோ என்ற பயத்தில் சொன்னாராம். ஊரில் அவருடைய அம்மா தனியாக இருக்கிறாளாம். மனுவைக் கிழித்தோம்.

அன்று சொன்னேன்: அந்த ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்க வேண்டும். முதல் பதில் பயத்தில் வரும். நாம் பதில் எடுத்துக் கொடுக்கக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.

எல்லோரையும்விடச் சாரதா அதை ஒழுங்காகச் செய்தாள். அதே லயத்தில் அடுத்த வீட்டு அம்மாளிடம் இரண்டாம் தரம் கேட்டபோது அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். “வேற எங்க பாப்பா போவேன்? என் வூட்டுக்காரரத் தோ அந்த மேட்டுலதான பொதச்சிருக்கு.” சாரதா தலை நிமிராமல் எழுதினாள். காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்து மை கலங்கிவிட்டது. வேறு மனு எடுத்து முதலிலிருந்து எழுதினாள்.

ஏழு மாதக் குழந்தை

சாரதா இந்த நாட்டில் பிறந்தவள் இல்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் என் மாமியார் பிடிவாதமாக இருந்தார். என் மனைவி பாக்கியத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினேன். ஏழு மாதக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதன் பிறகு சாரதா கடல் தாண்டியதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காஜா பேராங் சாலையும், பள்ளிக்கூடமும், எப்போதாவது உஜோங் பாசிர் கரையில் காற்று வாங்குவதும்தான். போருக்குப் பிறகு பிறந்த என் மகன் மலாக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அவன் பிரஜை. ஒரே தட்டில் சாப்பிடும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

பதினேழு வயதுப் பெண் தானாக மனுச் செய்ய முடியாது. தகப்பன் பிரஜையாக வேண்டும். தகப்பனே பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்தத் தகப்பனின் மனு மேசை இழுப்பறையில், ஒரு எழுத்துகூட இல்லாமல் கிடந்தது.

ஏன் என்று கேட்காதீர்கள். ஊரிலிருந்து என் அண்ணன் மாதம் ஒரு கடிதம் போடுவார். “அங்கே நாளைக்கு என்ன ஆகுமோ, பெண்ணை இங்கே கொண்டுவந்து விடு, காலேஜில் சேர்க்கலாம்” என்பார். என் அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்கு எந்த வேலை மிஞ்சும் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பெண்ணை இங்கே இருக்கக்கூடாது என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்தப் பயத்துக்கு மருந்து இழுப்பறையில்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கப்பல் ஏஜெண்டிடம் போய்ப் பாக்கியத்துக்கும் சாரதாவுக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். பாக்கியத்திடம் மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பொய் பேசவில்லை. பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினேன். செவ்வாய்க்கிழமை அண்ணன் கடிதம் வந்தால் அதையும் நம்பினேன். ஒரு மனிதனுக்குள் இரண்டும் எப்படி இருந்தன என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

மறுபடி அந்த ஞாயிறு

“லு புன்யா ரூமா மானா?” என்று கனகசபை கேட்டார் அல்லவா? நான் ஏதோ உளறினேன். எங்கள் சந்து படத்தில் அடங்கவில்லை என்றேன்.

“மூணாவது வூடும் அஞ்சாவது வூடும் அடங்கியிருக்கே கிராணி,” என்றார் கருப்பையா. எழுந்து வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அட, கோட்டை வுட்டுட்டோமேப்பா! மொதப் பொட்டு கிராணி வூட்டுக்கு இல்ல வச்சிருக்கணும்? பாப்பா, பென்சில எடு.”

சாரதா அசையவில்லை.

“எடு பாப்பா. ஒங்கப்பா மனு எப்பவோ போயிருக்குமே?”

“போகல மாமா,” என்றாள் சாரதா. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எழுதவே இல்ல. எனக்கும் அம்மாவுக்கும் கப்பலுக்குப் பேர் குடுத்திருக்காங்க.”

யார் சொன்னது என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

“அம்மா. வியாழக்கிழமை.”

வியாழன். அதற்கடுத்த நாள் வெள்ளி. சனிக்கிழமை முழுதும் அவள் குருபோங் பக்கம் வெயிலில் நடந்து ஒன்பது மனு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். என்னுடைய ஆணிக் கதையை ஒன்பது வீட்டில் சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொண்டே.

கருப்பையா என் பக்கம் திரும்பினார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“என் தம்பி குடும்பத்தோட கப்பல் ஏறுனப்ப, வா அண்ணேன்னு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதான்,” என்றார். “ஆணி அடிச்சாச்சுடான்னு சொல்லி அனுப்பிட்டேன். யாரு பேச்சக் கேட்டு? எங்களுக்கு மட்டுந்தான் ஆணி, ஒங்களுக்குப் பொட்டியா கிராணி?”

“சாபார், கருப்பையா, சாபார்,” என்று கனகசபை அவர் தோளைத் தொட்டார். பொறுக்கச் சொல்கிறார். கருப்பையா அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு வெளியே போனார். செருப்பை மாட்டும்போது அது வழுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தரம்தான் கால் நுழைந்தது.

கேள்வி கேட்டவள்

அன்று பிற்பகல். பாக்கியம் தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் இருந்தேன். சாரதா இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்தாள். மைக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்க பேர் என்னங்க ஐயா?”

“ஏம்மா, ஒனக்குத் தெரியாதா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க ஐயா.”

“இது என்னடி, வீட்டுக்குள்ள கோர்ட்டு?” என்றாள் பாக்கியம்.

பெயர் சொன்னேன். பிறந்த ஊர் சொன்னேன். எந்த வருடம் வந்து இறங்கினேன் என்று சொன்னேன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் உண்டா என்றாள். உண்டு, ஒரு பெண், பெயர் சாரதா, வயது பதினேழு என்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தன் பெயரை வேறு யாருடைய பெயரையோ போல் எழுதிக்கொண்டாள்.

“இந்த நாட்டில் நிரந்தரமாக வாழும் எண்ணம் உண்டா ஐயா?”

பாக்கியத்தின் கத்தி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ மலாயில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். பதினாறு வருடமாக நாங்கள் இருக்கும் வீடு. சுவரில் ஒரு ஆணி இல்லை. பிள்ளையார் படம் அலமாரி மேல் சாய்ந்திருந்தது. இதை எல்லாம் பார்த்துத்தான் அன்று வாசகசாலையில் அப்படிப் பேசினேனா? அல்லது பேசிய பிறகுதான் இது இப்போது கண்ணில் படுகிறதா?

“தெரியலம்மா,” என்றேன்.

“அதுக்கு இதுல எடம் இல்லைங்க ஐயா.”

அவள் காத்திருந்தாள். நான் வகுத்த விதிதான். பேனா முனையில் மை காய்ந்தது. உதறிவிட்டு மறுபடி தோய்த்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை.

“உண்டு,” என்றேன்.

எழுதவில்லை. பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

“ரெண்டு தரம் கேக்கணும்,” என்றாள். “நெஜமா சொல்லுங்கப்பா. இங்கயேதான் இருக்கப் போறோமா?”

காலையிலிருந்து அந்த ‘அப்பா’வை நான் கேட்கவில்லை.

“இருக்கப் போறோம்,” என்றேன்.

எழுதினாள். பாக்கியம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பயற்றங்காயை நறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் ஏஜெண்டிடம் போய் இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் தவறு செய்துவிட்டேனோ என்று தோன்றியது. அடுத்த வாரம் அண்ணனுக்குப் பதில் எழுதும்போதும் தோன்றியது. சாரதா இன்று ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறாள். பத்திரிகையில் ஏதாவது கெட்ட செய்தி வந்தால் இன்றும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அந்த ‘உண்டு’ என் வாயிலிருந்து வந்ததா, அவள் காத்திருந்ததால் வந்ததா, தெரியவில்லை.

கிண்ணம்

அடுத்த ஞாயிறு கருப்பையா வரமாட்டார் என்றே நினைத்தேன். எல்லோருக்கும் முன்பாக வந்து படத்தின் கீழே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வீட்டுக்கும் ஐந்தாவது வீட்டுக்கும் நடுவே பென்சிலில் ஒரு புதிய கட்டம் இருந்தது. கோடு கொஞ்சம் கோணல். கனகசபை போட்டது.

கருப்பையா என்னைப் பார்க்காமல் கேட்டார். “பாப்பா ரெண்டு தரம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ரெண்டாவது தரமும் அதேதான் சொன்னீங்களா?”

“அதேதான்.”

மஞ்சள் கிண்ணத்தை மேசையின் மேல் என் பக்கமாகத் தள்ளினார்.

“அப்ப நீங்களே வைங்க.”

விரலைத் தோய்த்துப் படத்தருகே கொண்டுபோனேன். பொட்டு என் கட்டத்தில் நிற்காமல், ஐந்தாவது வீட்டின் மேலும் பாதி ஏறிவிட்டது.